ரோட்டரி வண்டிக்கு 91-ஆ, 95-ஆ, 98-ஆ?

ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் இன்ஜின்) வண்டிக்கு எந்தப் பெட்ரோல் போடுவது என்று கேட்டால் என் பதில் இதுதான். டர்போ, அதாவது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி, இல்லாத வண்டியா, கையேட்டில் போட்டிருக்கும் ஆக்டேன் எண் உள்ள பெட்ரோலைப் போடுங்கள், அதற்கு மேல் ஒரு பைசா கூடச் செலவழிக்க வேண்டாம். டர்போ வண்டியா, அந்த ஊரில் கிடைப்பதிலேயே பெரிய எண் எதுவோ அதைத் தவிர வேறு எதையும் டேங்க்கில் விடாதீர்கள். சொல்லப்போனால் இவ்வளவுதான். ஆனால் கையேட்டில் இருக்கும் அந்த எண் எந்த நாட்டுக் கணக்கில் எழுதியது என்று பார்க்காமல் நிரப்பிவிட்டு, வண்டி இழுக்கவில்லை என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

மதுரையில் இருந்துகொண்டு ரோட்டரியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான். மாஸ்டா என்றால் நமக்கெல்லாம் ஸ்வராஜ் மாஸ்டா வேனும் லாரியும்தான் தெரியும், அதிலும் ரோட்டரி கிடையாது, டீசல். அந்தக் கம்பெனியின் ரோட்டரி கார்கள் இங்கே ஷோரூமுக்கு வந்ததே இல்லை. ஆனால் மேலூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் எந்த வீட்டை எடுத்தாலும் ஒருவராவது வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார், அங்கே போன பையன்களுக்கு இங்கே கனவில் மட்டும் பார்த்த கார்கள் பழசாகக் கைக்கு எட்டுகிற விலையில் கிடைக்கின்றன. என் அத்தை மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அவன் வாங்கியது ஆர்எக்ஸ்-8, மாஸ்டாவின் டர்போ இல்லாத ரோட்டரி கார். நான் பழங்காநத்தம் பக்கம் டியூனிங் கடை வைத்திருக்கிறேன், கார்புரேட்டர் காலத்திலிருந்தே இந்த வேலைதான். ரோட்டரி மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு பைத்தியம் உண்டு, கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருக்கிறேன். அதனால் அந்த வண்டியில் என்ன சத்தம் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும்.

இந்த முறை போன் வந்தது பெட்ரோலுக்காக. "மச்சான், வண்டி பிக்கப்பே இல்ல. இங்க மெக்கானிக் 98 மட்டும் போடு, இல்லேன்னா இன்ஜின் போயிரும்னு சொல்றாரு. நான் வாங்குனதுலேருந்து 91 தானே போட்டுக்கிட்டிருக்கேன், அதைத்தானே போடச் சொல்லி எழுதியிருக்கு?" என்றான்.

எழுதியிருப்பது வாஸ்தவம். ஆர்எக்ஸ்-8 பற்றி அமெரிக்காக்காரர்கள் எழுதியதைப் படித்தால் எல்லா இடத்திலும் 91 என்றுதான் இருக்கும். அவர்கள் ஊர்க் கையேட்டில் பிரீமியம், 91 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறது, 87 வரைக்கும் இறங்கலாம், ஆனால் திறன் கொஞ்சம் குறையும் என்றும் சேர்த்துப் போட்டிருக்கிறது. இவன் அதைப் படித்துவிட்டு ஷார்ஜா பங்க்கில் 91 என்று எழுதியிருக்கும் பம்ப்பில் போய் நிற்கிறான். எண் பொருந்துகிறது, விலையும் குறைவு, வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த 91-உம் இந்த 91-உம் ஒன்றல்ல.

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் விஷயத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தட்டாமல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் அளவு. கொடைக்கானல் மலையில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு, கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் கிணிகிணி என்று ஒரு சத்தம் வருமே, அதுதான் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ அறை முழுக்கப் பரவுவதற்குள், ஓரத்தில் இருக்கிற கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்துவிடுகிறது. இதைத் தாங்குவதில் ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 மதிப்பெண், ஹெப்டேனுக்கு 0. ஒரு பெட்ரோல் 95 என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு தாங்குகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் அந்த எண்ணில் எதுவும் இல்லை. சக்தி அதிகம் என்றோ, சுத்தம் அதிகம் என்றோ, மைலேஜ் கூடும் என்றோ அது சொல்லவில்லை.

இதை அளப்பதற்கு ஒற்றை சிலிண்டர் சோதனை இன்ஜின் ஒன்று உண்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரஷனை, அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, கூட்டிக் குறைக்கலாம். அதில் 600 ஆர்பிஎம்-ல் வைத்து மிதமான சூட்டில் அளந்தால் வருவது ஆர்ஓஎன். 900 ஆர்பிஎம்-ல், உள்ளே போகும் கலவையை 149 டிகிரிக்குச் சூடாக்கி அளந்தால் வருவது எம்ஓஎன். இரண்டாவது கடினமான பரீட்சை என்பதால் ஒரே பெட்ரோலுக்கு அதில் எண் எட்டு, பத்து குறைவாகத்தான் வரும். இந்தியா, வளைகுடா, ஐரோப்பா, மலேசியா எல்லாம் பம்ப்பில் எழுதுவது முதல் எண்ணை. அமெரிக்காவில் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். ஐரோப்பிய 95 பெட்ரோலுக்கு எம்ஓஎன் குறைந்தது 85 இருக்க வேண்டும், கூட்டிப் பாதியாக்கினால் 90. அப்படியென்றால் அமெரிக்கக் கையேட்டில் இருக்கும் 91 நம் கணக்குக்கு 95, 96. அவர்களுடைய 87 நம் கணக்குக்கு 91, 92. ஐரோப்பாவில் ஓடும் ஆர்எக்ஸ்-8-க்கும் 95 என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்.

ஆக மாப்பிள்ளை பிரீமியம் போடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, கையேடு அனுமதிக்கும் கடைசிப் படியில் நின்றிருக்கிறான். ஐக்கிய அரபு அமீரகத்தில் மூன்று வகை: இ-பிளஸ் என்பது 91, ஸ்பெஷல் என்பது 95, சூப்பர் என்பது 98. அவனுக்கு வேண்டியது நடுவில் இருப்பது. "சரி, அப்ப 98 போட்டா இன்னும் நல்லதுதானே மச்சான்?" என்று உடனே அடுத்த கேள்வி. எல்லோரும் கேட்பதுதான்.

நல்லதில்லை. கெட்டதும் இல்லை. காசுதான் கரியாகும். ரோட்டரியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது ஏன் என்று புரியும், எனக்கு இந்த இன்ஜினைப் பிடித்துப்போனதும் இதனால்தான்.

பிஸ்டன் இன்ஜினில் உறிஞ்சுவது, அமுக்குவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது. போன தடவை எரிந்த சூட்டிலேயே அடுத்த கலவை வந்து இறங்குகிறது, தலைக்கு மேல் எக்ஸாஸ்ட் வால்வு பழுக்கக் காய்ந்து நிற்கிறது. தட்டல் ஆரம்பிக்க அந்தச் சூடான இடம் ஒன்று போதும். ரோட்டரியில் வால்வே கிடையாது. முக்கோண ரோட்டர் சுற்றச் சுற்ற, அதன் மூன்று முகங்களும் கலவையை ஒரு பக்கம் வாங்கி, நகர்த்திக்கொண்டே போய் இன்னொரு பக்கம் எரிக்கின்றன. உறிஞ்சும் பக்கம் எப்போதும் குளிர்ச்சி, எரியும் பக்கம் எப்போதும் சூடு. கலவை சூடான பக்கத்தைக் கடைசி நேரத்தில்தான் சந்திக்கிறது. அதோடு எரியும் அறை நீளமாகவும் மெல்லிசாகவும் இருப்பதால் சுற்றியுள்ள உலோகம் சூட்டை வேகமாக வாங்கிக்கொள்கிறது. வாயகன்ற தட்டில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறுவது மாதிரி. ரோட்டரிக்கு மைலேஜ் வராததற்கு முக்கியக் காரணமும் இதுதான், லிட்டருக்கு ஏழு எட்டு கிலோமீட்டர் வந்தாலே ஆர்எக்ஸ்-8-க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அதே குறைதான் தட்டலுக்கு எதிராகக் காவல் நிற்கிறது. அதனால் டர்போ இல்லாத ரோட்டரி, அதே கம்ப்ரஷன் உள்ள ஒரு பழைய பிஸ்டன் இன்ஜினைவிடக் குறைந்த ஆக்டேனைத் தாங்கிக்கொள்ளும்.

ஆர்எக்ஸ்-8-ன் கம்ப்ரஷன் 10-க்கு 1. இதைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பையன்கள் காளவாசல் சிக்னலில் உறுமிக்கொண்டு நிற்கிற கேடிஎம் 390-ல் 12-க்கு மேல். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 80 மில்லிமீட்டர் அகலம், ஒரு அறைக்கு 654 சிசி, மொத்தம் 1308. மேனுவல் கியர் உள்ள உயர்திறன் மாடல் 9000 ஆர்பிஎம் வரை போகும். அந்த வேகத்தில் கலவை தானாகப் பற்றிக்கொள்வதற்கு நேரமே கிடைக்காது, தட்டல் பயம் இருப்பதெல்லாம் கீழே, குறைந்த ஆர்பிஎம்-ல் பெரிய கியரில் வண்டியை அமுக்கி ஓட்டும்போதுதான்.

இதற்கு மேல் ஒரு பேச்சு உலவுகிறது. ரோட்டரியில் தீ பரவ நேரம் ஆகும், குறைந்த ஆக்டேன் பெட்ரோல் வேகமாக எரியும், அதனால் எவ்வளவு குறைந்த எண் போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று. முதல் பாதி உண்மை. அறை நீளமாக இருப்பதால் தீ ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக நேரமாகிறது, அதற்காகத்தான் ஒவ்வொரு ரோட்டருக்கும் லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு பிளக் வைத்தார்கள். இரண்டாவது பாதியை நான் ஏற்கமாட்டேன். ஆக்டேன் எண் அளப்பது பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனை. பற்றிய பிறகு தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பது வேறு விஷயம், பெட்ரோலில் என்னென்ன கலந்திருக்கிறது, அறைக்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதைப் பொறுத்தது. 91 போட்டால் ரோட்டரி வேகமாக ஓடும் என்று சொல்கிறவர்களையும் நம்ப வேண்டாம், 98 போட்டால் பறக்கும் என்கிறவர்களையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் எதற்கு 95, 91 போதாதா என்றால், வெயில். சித்திரை மாதம் மதுரையில் 40 டிகிரிக்கே நாம் சுருண்டு போகிறோம், அங்கே கோடையில் 45-ஐத் தாண்டும். உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் தட்டல். ஆர்எக்ஸ்-8-ல் நாக் சென்சார் இருக்கிறது, தட்டுவதைக் கண்டுபிடித்தால் கம்ப்யூட்டர் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னால் தள்ளிவிடும். இன்ஜின் தப்பித்துக்கொள்ளும், ஆனால் இழுவை குறையும். கையேடு "திறன் கொஞ்சம் குறையும்" என்று சொல்வது இதைத்தான். 95 போட்டால் கம்ப்யூட்டர் தன் இயல்பான டைமிங்கில் ஓட்டும். அதற்கு மேல் 98 போட்டால் அது இன்னும் முன்னால் போகாது, போகும்படி எழுதப்படவில்லை. மீதித் தாங்குதிறன் சும்மா டேங்க்கில் கிடக்கும்.

பணக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் மாதா மாதம் பெட்ரோல் விலை மாறும், ஆனால் 91-க்கும் 98-க்கும் லிட்டருக்கு ஏறக்குறைய 20 பில்ஸ் வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கும். 60 லிட்டர் டேங்க்குக்கு 12 திர்ஹாம். சின்னத் தொகைதான், ஆனால் இந்த வண்டி குடிக்கிற குடிக்கு வருஷத்தில் அது ஒரு செட் பிளக் விலைக்குப் போய் நிற்கும். ரோட்டரிக்கு அந்தப் பிளக்தான் முக்கியம்.

மாப்பிள்ளையின் பிரச்சினை அங்கேதான் இருந்தது. 91-ஐ விட்டு 95-க்கு மாறச் சொன்னேன், மாறினான். வெயில் நேரத்தில் ஏசி போட்டுக்கொண்டு ஜெபல் ஜைஸ் மலை ஏறும்போது கொஞ்சம் தெளிவு தெரிந்தது என்றான். ஆனால் அவன் சொன்ன "பிக்கப்பே இல்லை" போகவில்லை. மெக்கானிக் பேச்சைக் கேட்டு ஒரு டேங்க் 98-ம் நிரப்பிப் பார்த்தான், அப்போதும் அதே கதை. 3000-லிருந்து 5000 ஆர்பிஎம் வரை வண்டி ஒரு மாதிரித் தயங்கித் தயங்கி ஏறுகிறது, அதற்கு மேல் திடீரென்று கிளம்புகிறது. போனிலேயே எனக்கு அது ஆக்டேன் குறையாகத் தோன்றவில்லை. தட்டலால் டைமிங் பின்வாங்கினால் வண்டி மொத்தமாக மந்தமாகும், இப்படி விட்டுவிட்டுத் தயங்காது. இது மிஸ்ஸிங், அதாவது சில சமயம் கலவை பற்றாமலே போவது.

"மாப்ளே, பிளக்கைக் கழட்டச் சொல்லி எனக்கு வீடியோவில் காட்டு" என்றேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜ், பின்னால் யாரோ கிரைண்டர் ஓட்டுகிற சத்தம், நான்கு பிளக்கையும் ஒரு கந்தல் துணி மேல் வரிசையாக வைத்தார்கள். லீடிங் பிளக் இரண்டில் ஒன்று காய்ந்து பழுப்பாக, இருக்க வேண்டிய நிறத்தில் இருந்தது. இன்னொன்றின் முனை ஈரமாக, பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கறுப்புப் பசையோடு. துடைத்துவிட்டு, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை எதிர்ப்பக்கத்திலிருந்து இதற்கு மாற்றிப் போடச் சொன்னேன். மாற்றிப் போட்டு ஓட்டிவிட்டு வந்து மறுபடி கழற்றினால், ஈரம் அந்தப் பக்கம் போயிருந்தது. காயில்தான். ரோட்டரியில் காயில் தேய்மானப் பொருள், பிளக் மாதிரியே கிலோமீட்டர் பார்த்து மாற்ற வேண்டியது, ஏனென்றால் ஒவ்வொரு பிளக்கும் ஷாஃப்ட் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை பொறி விட வேண்டியிருக்கிறது. நாலு சிலிண்டர் காரில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான். வேலை இரட்டிப்பு, என்ஜின் மேலேயே உட்கார்ந்து வாங்கும் சூடு வேறு. நான்கு காயிலையும் ஒயரோடு மாற்றினான், பிளக் புதுசு போட்டான். லீடிங் பிளக்கும் டிரெய்லிங் பிளக்கும் வேறு வேறு சூட்டு எண் கொண்டவை, இடம் மாற்றிப் போடக்கூடாது என்று அந்த மெக்கானிக்கிடம் போனிலேயே சொன்னேன், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அன்று ராத்திரியே போன். "மச்சான், இது வேற வண்டி மச்சான்."

காயில் பலவீனமாக இருக்கும்போது எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரிகிறது. அது உருகி அடைத்துக்கொண்டால் எக்ஸாஸ்ட் சூடு இன்ஜினுக்குள்ளேயே திரும்பி நிற்கும், அப்புறம் ரோட்டர் முனையில் அறைகளைப் பிரிக்கும் சீல் போகும். வண்டி மந்தமாக இருக்கிறது, பெரிய எண் பெட்ரோல் போட்டுச் சமாளிப்போம் என்று மாதக்கணக்கில் ஓட்டினால் நடப்பது இது. பழசாக வாங்கிய ஆர்எக்ஸ்-8 இழுக்கவில்லை என்றால் பங்க்கில் தீர்வைத் தேடாதீர்கள், முதலில் காயிலையும் பிளக்கையும் பாருங்கள்.

டர்போ ரோட்டரி விஷயத்தில் நான் சொன்னது எல்லாம் தலைகீழ். 1991 முதல் 2002 வரை வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-ல் இரண்டு டர்போ. கம்ப்ரஷன் 9-க்கு 1 தான், ஆனால் டர்போ காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும்போது அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் தட்டினாலும் சத்தம் போட்டு எச்சரித்துவிட்டு ஓடும். ரோட்டரியின் மூன்று முனைகளிலும் இருக்கும் அபெக்ஸ் சீல் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. ரோட்டர் அகலத்துக்கு நீளம், 2 மில்லிமீட்டர் கனம், அடியில் மெல்லிய ஸ்பிரிங். அவ்வளவுதான் ஒரு எரியும் அறையையும் பக்கத்து அறையையும் பிரிக்கிறது. முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ முழு அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும்போது, ஒரு பலமான தட்டல் விழுந்தால் அந்தச் சீல் உடையும், உடைந்த துண்டு ஹவுசிங்கின் பளபளப்பான சுவரைக் கீறிக்கொண்டு எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்போ விசிறியில் அடிக்கும். ஒரு நொடி வேலை. ஆகவே அந்த வண்டி வைத்திருப்பவர்கள் 98 கிடைக்கும் ஊரில் 98, 97 தான் உச்சம் என்றால் 97. டேங்க்கில் பாதிக்குக் குறைந்த எண் பெட்ரோல் கிடக்கிறது என்றால் அது தீரும்வரை பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள். இந்த இடத்தில் 12 திர்ஹாம் மிச்சம் பிடிக்க நினைப்பது எனக்குப் புரியாத காரியம்.

1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை நாலு ரோட்டர் வைத்த மாஸ்டா 787பி ஜெயித்தது, அதில் டர்போ கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாள் முழுக்க விரட்டியும் அந்த இன்ஜின் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம், ஆயில். ரோட்டரி வேண்டுமென்றே இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும் அறைக்குள் விடுகிறது, சீல் உரசாமல் இருக்க. ஆயில் குறைகிறது என்று பயப்பட வேண்டாம், குறையவில்லை என்றால்தான் பயப்பட வேண்டும். ஒன்று விட்டு ஒரு தடவை பெட்ரோல் போடும்போது டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். சிலர் இதற்கு மேல் டேங்க்கிலேயே 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறார்கள். நம் அப்பாமார் சேட்டக் ஸ்கூட்டருக்கு பங்க்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து ஊற்றச் சொன்னது போலத்தான், ஆனால் அளவு அதைவிட மிகக் குறைவு, லிட்டருக்கு நாலு மில்லி பக்கம். 2டி ஆயில் சுத்தமாக எரியும் என்பதால் கரி குறைவு. ஆனால் ஆயில் எதுவானாலும் பெட்ரோலோடு கலந்தால் ஆக்டேனை இழுத்துக் கீழே விடும், கை தாராளமாக ஊற்றினால் 95 போட்ட பலன் போய்விடும். டர்போ வண்டியில் கலக்கிறவர்கள் அளவு பாட்டில் இல்லாமல் கலக்கவே கூடாது.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிராஃபிக்கில் மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் ரோட்டரில் கரி படியும், அந்தக் கரி சூடேறிக் கங்காகி பிளக்குக்கு முன்னாலேயே கலவையைப் பற்றவைக்கும், அப்போது 95 கூடப் போதாமல் போகலாம். அதற்கு மருந்து 98 இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடானபின் காலி ரோட்டில் மேல் ஆர்பிஎம் வரை இழுத்து ஓட்டுவதுதான். ஷார்ஜாவிலிருந்து ராஸ் அல் கைமா போகும் வழி அதற்குத் தோது. இங்கே என்றால் வாடிப்பட்டி தாண்டி நாலுவழிச் சாலை.

இங்கே என்று சொன்னதும் கேட்கத் தோன்றும்: இந்தியாவில் ரோட்டரி வைத்திருந்தால் என்ன போடுவது? விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இங்கே அந்த வண்டிகள் இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நம் சாதாரணப் பெட்ரோல் முன்பு 91. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலின் ஆக்டேன் 108-க்கு மேல், அதனால் கலந்த பெட்ரோல் 95-ஐத் தொடுகிறது. பார்க்க ஆர்எக்ஸ்-8 கேட்கும் எண் அப்படியே கையில் வந்து விழுந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த வண்டிக்குக் கையேடு அனுமதிக்கும் எத்தனால் 10 சதவீதம்தான். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு, ஏற்கெனவே குடிக்கிற வண்டி இன்னும் குடிக்கும். ரப்பர் ஓஸும் சீலும் இந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுக்கிற வண்டி என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்து ஈரத்தையும் எத்தனால் இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படி வண்டி வைத்திருப்பவர் டேங்க்கை அரை குறையாக வைத்து நிறுத்தாமல், ஓஸ்களை வருஷத்துக்கு ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்த்து, பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். பங்க்கில் விற்கும் 95, 100 என்ற விலை கூடின வகைகளைப் பற்றிக் கேட்டால், வாங்கும் முன் எத்தனால் எவ்வளவு என்று கேளுங்கள், ஆக்டேனை அப்புறம் பார்க்கலாம்.

நம் ஊர் ஆல்டோவுக்கும் ஸ்பிளெண்டருக்கும் விலை கூடின பெட்ரோலைப் போட்டுவிட்டு "வண்டி ஸ்மூத்தா போகுதுண்ணே" என்று என் கடைக்கு வந்து சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். அந்த இன்ஜின் கேட்காத ஆக்டேனுக்குக் கொடுத்த காசை ஆயில் மாற்ற வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை இப்போது 95 போடுகிறான். அடுத்து அவனைக் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். சாதாரண கேஜ் வேண்டாம், அது மூன்று முகத்தில் பெரியது எதுவோ அதை மட்டும் காட்டும், ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் எடுத்தால்தான் இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண் தனித்தனியாக வரும். 250 ஆர்பிஎம்-ல் ஒவ்வொன்றும் 680 கிலோபாஸ்கலுக்குக் குறையக்கூடாது. பேட்டரி பலமாக இருந்தால் ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றி எண்ணைக் கூட்டிக் காட்டும், அதனால் ரீடிங்கோடு எத்தனை ஆர்பிஎம்-ல் எடுத்தது என்பதையும் எழுதி வாங்கச் சொன்னேன். அதுவரை ஒரு விஷயத்தை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பார்க்கிங்கில் வண்டியை இரண்டடி நகர்த்துவதற்காக ஸ்டார்ட் செய்து உடனே அணைக்காதே, உள்ளே பெட்ரோல் தேங்கி அடுத்த தடவை ஸ்டார்ட் ஆகாது, ஸ்டார்ட் செய்தால் சூடாகும்வரை ஓட விடு, இல்லையென்றால் கையால் தள்ளு.